தங்கச்சிமடத்தில் புது டெஸ்க்டாப்: காலையில் திரை வருவதில்லை, கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்கிறது

வடகடல்_வீடு | நவம்பர் 9, இரவு 9.40

வணக்கம். ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் வேலை. பழைய லேப்டாப் தாங்கவில்லை என்று ஒரு வருடம் காசு சேர்த்து, ஆகஸ்டில் நானே பொருள் வாங்கி நானே பூட்டிய கணினி இது. ரைசன் 5 5600ஜி பிராசஸர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் 550 வாட். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. பூட்டிய அன்றே திரை வந்தது, விண்டோஸ் 11 ஏறியது. இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

அக்டோபர் கடைசியில் அக்கா பிரசவத்துக்காக எல்லோரும் மதுரை போய் 12 நாள் இருந்தோம். கணினி இருக்கும் அறையில் வடகடலைப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. அதைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டோம். திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது. போர்டில் 'டிராம்' என்று எழுதிய இடத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தபடி இருக்கிறது. அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திடீரென்று வந்தது. வந்த பிறகு ராத்திரி வரை வேலை செய்தேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதை. நாலு நாளாக இப்படித்தான்.

இன்னொன்று. வெறுங்காலோடு நின்று கேபினெட்டின் பின்பக்கம் தொட்டால் சுள்ளென்று குத்துகிறது. டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது. ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், மதர்போர்டு போய்விட்டது, புதிது போடுங்கள் என்றார்கள். அந்தப் பணம் இப்போது என்னிடம் இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

கீழக்கரை_காக்கா | நவம்பர் 9, இரவு 10.25

தங்கச்சி, மதர்போர்டு வாங்கிவிடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் முழுக்க நிற்காமல் வீடியோ தொகுக்கிற போர்டு செத்த போர்டு ஆகாது. அந்த மஞ்சள் விளக்கை நிறையப் பேர் தப்பாகப் படிக்கிறார்கள். சுவிட்சைப் போட்டதும் போர்டு சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போகும். எந்த இடத்தில் நின்றதோ அந்த விளக்கு அணையாது. டிராமில் நின்றால் ரேமோடு பேச முடியவில்லை என்றுதான் பொருள். ரேம் கெட்டதாலும் இருக்கலாம், ஸ்லாட்டில் சரியாக உட்காராததாலும் இருக்கலாம், தொடும் இடத்தில் அழுக்கு ஏறியதாலும் இருக்கலாம். என் அனுபவத்தில் கடைசி இரண்டுதான் அதிகம்.

நாளைக் காலை, கணினி குளிர்ந்து கிடக்கும்போதே செய்து பாருங்கள். பின்பக்க ஒயரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்துங்கள், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். ரேம் இரண்டையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். முதல் ஸ்லாட் வேண்டாம், ஒற்றை ரேமுக்கு உரிய இடம் பெரும்பாலான போர்டுகளில் இரண்டாவதுதான். டக்கென்று கிளிப் ஏறும் சத்தம் கேட்க வேண்டும். வராவிட்டால் அதே இடத்தில் மற்ற ரேம். அதிலும் வராவிட்டால் போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை, சிஆர்2032, கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எந்த ரேமில், எந்த ஸ்லாட்டில், எத்தனையாவது தடவையில் வந்தது என்று தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் நாளை மறுநாள் எல்லாம் குழம்பிவிடும்.

சுள்ளென்பது பற்றி எனக்கு முழுதாகத் தெரியாது. கரண்ட் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும். அதுவரை ஒயர் சொருகியிருக்கும்போது உள்ளே கை வைக்க வேண்டாம்.

உச்சிப்புளி_வயர்மேன் | நவம்பர் 10, காலை 6.15

தங்கச்சி, ரேமை அப்புறம் பாருங்கள். உங்கள் வீட்டில் எர்த் இல்லை. அதை முதலில் பார்க்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்ட் நுழையும் இடத்தில் இரண்டு சின்ன கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். ஒன்று பேஸிலிருந்து எர்த்துக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு. மின் இரைச்சலை எர்த்தில் இறக்கிவிடுவது அவற்றின் வேலை. எல்லா நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும் உண்டு, அது குறை இல்லை. இரண்டும் ஒரே அளவு. அதனால் எர்த் கம்பி எங்கும் சேராமல் தொங்கினால் 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் பக்கமாக கேபினெட்டின் மேல் வந்து நிற்கும். டெஸ்டர் மங்கலாக எரிவது அதனால்தான். பாயும் கரண்ட் பெரும்பாலும் ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே என்பதால் குத்துவதோடு போகிறது. ஆளுக்கு அது குத்தல்தான். ஆனால் ஹெச்டிஎம்ஐ ஒயரைச் சொருகும் நேரத்தில் அதே மின்சாரம் அந்த போர்ட்டின் நுனி வழியாக இறங்கப் பார்க்கும். டிவியோ மானிட்டரோ வேறு பக்கம் எர்த் ஆகியிருந்தால் போர்ட் எரிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

மல்டிமீட்டர் இருந்தால் கணினி சொருகியிருக்கும் பிளக் போர்டில் மூன்று அளவு எடுங்கள்: பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த். எர்த் சரியாக இருந்தால் முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், மூன்றாவது இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் நிற்கும். நியூட்ரல்–எர்த்தே 200க்கு மேல் காட்டினால் அது கெப்பாசிட்டர் சமாச்சாரம் இல்லை, நிஜமான கசிவு. உடனே ஒயரைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மூர்_மீனவன் | நவம்பர் 10, காலை 8.02

எங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருந்தது. பிளக் போர்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டார்கள். டெஸ்டர் எரிவது நின்றுவிட்டது. அஞ்சு நிமிட வேலை.

உச்சிப்புளி_வயர்மேன் | நவம்பர் 10, காலை 8.20

அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்கே அந்த ஒயரை எடுத்துவிடச் சொல்லுங்கள். தெருக் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் ஒரு நாள் அறுந்தாலோ, கம்பத்தில் உப்பு அரித்து விட்டுவிட்டாலோ, முழு 230 வோல்ட்டும் அந்தத் துண்டு ஒயர் வழியாக எர்த் பின்னுக்கு வரும். உங்கள் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கணினி எல்லாவற்றின் இரும்பு உடம்பும் பேஸ் ஆகிவிடும். ஃபியூஸ் போகாது, எதுவும் டிரிப் ஆகாது. ஈரக் கையோடு யார் ஃபிரிட்ஜைத் திறக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அடி. கடலோரத்தில் கம்பத்து இணைப்புகள் எவ்வளவு சீக்கிரம் அரிக்கின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூர்_மீனவன் | நவம்பர் 10, காலை 8.31

இது யாரும் சொல்லவில்லை அண்ணே. மெயினை அணைத்துவிட்டு இப்போதே ஆளைக் கூப்பிடுகிறேன்.

சாயல்குடி_ரவுட்டர் | நவம்பர் 10, மதியம் 1.10

இதே இழையில் கேட்கலாமா? போன வாரம் டிடிஆர்5 கணினி பூட்டினேன். ரைசன் 7600, பி650 போர்டு. திரை வரவில்லை, டிராம் விளக்குதான். அரை நிமிடம் பார்த்துவிட்டு அணைக்கிறேன், மறுபடி போடுகிறேன். ஐம்பது தடவை ஆகியிருக்கும்.

கீழக்கரை_காக்கா | நவம்பர் 10, மதியம் 1.45

தம்பி, அணைக்காமல் விடுங்கள். டிடிஆர்5 போர்டுகள் முதல் தடவை ரேமை அளந்து பழகிக்கொள்ள நேரம் எடுக்கும், சில போர்டுகளில் பல நிமிடம். நீங்கள் அரை நிமிடத்தில் அணைக்கும்போதெல்லாம் அது முதலிலிருந்து தொடங்குகிறது. போட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வாருங்கள்.

சாயல்குடி_ரவுட்டர் | நவம்பர் 10, மதியம் 2.30

வந்துவிட்டது! ஒன்பது நிமிடம் ஆனது. நன்றி காக்கா.

வடகடல்_வீடு | நவம்பர் 11, இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. அளவுகள் இதோ. பேஸ்–நியூட்ரல் 228, பேஸ்–எர்த் 121, நியூட்ரல்–எர்த் 106. வயர்மேன் அண்ணன் சொன்னது அப்படியே சரி. வீட்டுப் பின்புறம் எர்த் குழாய் இருக்கும் இடத்தைத் தோண்டிப் பார்த்தோம். குழாய் இருக்கிறது, ஆனால் கம்பியைக் குழாயோடு சேர்க்கும் கிளாம்ப் கையில் எடுத்ததும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கம்பி தனியாகக் கிடந்தது. எத்தனை வருடமாக அப்படிக் கிடந்ததோ.

ரேம் சோதனை: காலையில் முதல் ரேம், இரண்டாவது ஸ்லாட், மூன்று தடவை போட்டும் வரவில்லை. இரண்டாவது ரேம், அதே ஸ்லாட், முதல் தடவையிலேயே வந்தது. முதல் ரேம்தான் கெட்டது என்று நினைத்தேன். மத்தியானம் முதல் ரேமையே மறுபடி போட்டேன், அதிலும் வந்தது. இன்று காலை இரண்டிலும் வரவில்லை. பேட்டரியைக் கழற்றிப் போட்டும் பலன் இல்லை. பேட்டரி 3.05 வோல்ட் காட்டுகிறது.

கீழக்கரை_காக்கா | நவம்பர் 11, இரவு 9.00

எழுதி வைத்தது நல்லதாகப் போயிற்று. காலையில் இரண்டும் வரவில்லை, வெயில் ஏறியதும் இரண்டும் வருகின்றன. இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் கெட்டு, ஒரே நேரத்தில் நல்லதாக ஆக முடியாது. தொடும் இடத்தில்தான் கோளாறு. ரேமின் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, ஐபிஏ, அதாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம், தொட்டுத் துடையுங்கள். நான் இருபது வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

வாலிநோக்கம்_உப்பளம் | நவம்பர் 12, காலை 5.50

இந்த இழையை நேற்றிலிருந்து படிக்கிறேன். எனக்குக் கணினி பூட்டத் தெரியாது. உப்பு தெரியும், முப்பது வருடமாக அதுதான் பிழைப்பு. அதனால் ஒன்று சொல்கிறேன்.

ஐப்பசி பிறந்ததும் அடுப்படியில் உப்புச் சாடி கசிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். பங்குனியில் அதே சாடியில் உப்பு கலகலவென்று இருக்கும். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஆனால் கடல் காற்றில் வருவது சுத்தமான உப்பு இல்லை. அதில் மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கும். அது 33 சதவீத ஈரத்திலேயே தண்ணீர் இழுக்கும். பாத்தியில் உப்பு எடுத்த பிறகு கசப்பாக மிஞ்சும் நீரில் இருப்பது அதுதான்.

தங்கச்சியின் ஜன்னல் 12 நாள் வடகடலைப் பார்த்துத் திறந்து கிடந்திருக்கிறது. அது வாடைக் காற்று தொடங்கும் நேரம், வடகடல் கொந்தளிக்கும் நேரம். அலை உடைந்து தெறிக்கும் நுண் துளி காற்றோடு வீட்டுக்குள் வந்து, உலர்ந்து, போர்டின் மேல் உப்புத் தூளாகப் படிந்திருக்கும். ராத்திரி ஈரம் ஏறியதும் அந்தத் தூள் கசிந்து கண்ணுக்குத் தெரியாத உப்புத் தண்ணீர்ப் படலம் ஆகும். உப்புத் தண்ணீரில் கரண்ட் பாயும். ரேம் பற்கள் ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாமல் இருக்கின்றன என்று படத்தில் பார்த்தேன். இடையில் அந்தப் படலம் இருந்தால் எப்படிச் சரியாகப் பேசும்?

முக்கால் மணி நேரம் கழித்து வந்துவிடுகிறதே, அதற்கும் கணக்கு இருக்கிறது. அறையில் 30 டிகிரி, ஈரம் 80 சதவீதம் என்று வையுங்கள். ஃபேன் சுற்றி, போர்டு சூடேறி, உள்ளே 40 டிகிரி ஆனால் அதே காற்றின் ஈரப்பதம் 46 சதவீதம் பக்கமாக இறங்கிவிடும். உப்புப் படலத்தின் பெரும்பகுதி காய்ந்துவிடும், கணினி எழுந்துவிடும். நீங்கள் அணைத்துத் தூங்கப் போனதும் மறுபடி கசியும்.

கீழக்கரை அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம். ஐபிஏ எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், உப்பை எடுக்காது. சுத்த ஆல்கஹாலில் உப்பு கரையாது என்றே சொல்லலாம். வேண்டுமானால் ஒரு சிட்டிகை உப்பை ஐபிஏவில் போட்டுக் கலக்கிப் பாருங்கள், அடியில் அப்படியே கிடக்கும். உப்புக்குத் தண்ணீர்தான் மருந்து. ஆனால் குழாய்த் தண்ணீர் கூடாது, அதிலேயே உப்பு இருக்கிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். அதில் துடைத்து உப்பை எடுத்த பிறகு ஐபிஏவால் அந்த ஈரத்தை எடுங்கள். கடையில் கேட்கும்போது பேட்டரி தண்ணீர் என்று தெளிவாகச் சொல்லுங்கள், பேட்டரி ஆசிட்டைக் கொடுத்துவிடப் போகிறார்கள்.

கீழக்கரை_காக்கா | நவம்பர் 12, காலை 7.30

உப்பை ஐபிஏவில் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, கரையவே இல்லை. இத்தனை நாள் நான் துடைத்தபோது சரியானதெல்லாம் துணி உரசியதால்தான் போலிருக்கிறது. ரொம்ப நன்றி ஐயா.

தங்கச்சி, ரப்பர் போடச் சொன்னதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தங்கப் பூச்சு ஒரு மைக்ரான்கூட இருக்காது. இங்கே உப்புக் காற்றில் தங்கம் தேய்ந்தால் அடியில் இருக்கும் நிக்கலும் செம்பும் வெளியே வந்து பச்சை பூக்கும். துணி மட்டும் போதும்.

மண்டபம்_கேம்ப் | நவம்பர் 12, காலை 9.05

கடையில் போர்டு போய்விட்டது என்று சொல்வது எளிது. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி, இரும்பு அரிப்பதை ஆராய்ச்சி செய்ய மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது என்றால் இந்தக் காற்று எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டார்கள். நம் வீட்டுக் கணினிக்கு நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வடகடல்_வீடு | நவம்பர் 12, காலை 9.40

ஸ்லாட்டுக்குள்ளேயும் தண்ணீர் விடலாமா? பயமாக இருக்கிறது.

கீழக்கரை_காக்கா | நவம்பர் 12, காலை 10.10

விட வேண்டாம், நனைத்த பிரஷ் போதும். ஒயரைப் பிடுங்கி, வட்ட பேட்டரியையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். போர்டில் துளி மின்சாரம்கூட இருக்கக் கூடாது, உப்புத் தண்ணீரோடு மின்சாரமும் சேர்ந்தால் செம்பு இன்னும் வேகமாக அரிக்கும். போர்டை வெளியே எடுத்துச் சாய்த்துப் பிடித்து, மெல்லிய பிரஷ்ஷைப் பேட்டரி தண்ணீரில் தொட்டு உதறி ஸ்லாட்டுக்குள் மேலிருந்து கீழே இழுங்கள். இரண்டு மூன்று தடவை. அப்புறம் வேறு பிரஷ்ஷில் ஐபிஏ. அப்புறம் ஃபேன் காற்றில் ஒரு நாள் முழுக்கக் கிடக்கட்டும். அவசரப்படாதீர்கள். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் போகும். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே கூடாது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

வடகடல்_வீடு | நவம்பர் 16, இரவு 9.20

முழுதாக எழுதுகிறேன், இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

முதலில் எர்த். வயர்மேன் அண்ணன் வெள்ளிக்கிழமை நேரில் வந்துவிட்டார். பழைய குழாய் மேலே ஒரு முழம் மட்டும் அரித்திருந்தது, கீழே கெட்டியாக இருந்தது. அரித்ததை அறுத்துவிட்டுக் கெட்டியான இடத்தில் புதுக் கிளாம்பும் புதுக் கம்பியும் போட்டார். எங்கள் மண்ணில் நாலடியிலேயே உப்புத் தண்ணீர் ஊறுவதால் எர்த் நன்றாகவே கிடைக்கும், இணைப்புதான் நம்மை ஏமாற்றும் என்றார். இப்போது பேஸ்–நியூட்ரல் 229, பேஸ்–எர்த் 228, நியூட்ரல்–எர்த் 1.4. டெஸ்டர் எரியவில்லை. மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட்டுவிட்டார். கூலி கொடுத்ததற்கு வாங்க மறுத்துவிட்டு அம்மா கொடுத்த காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார். அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அப்புறம் போர்டு. ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ரேம் ஸ்லாட் ஓரத்திலும் பின்பக்க போர்ட்டுகளைச் சுற்றியும் வெள்ளையாகப் பூத்திருந்தது. முதல் ரேமின் இரண்டு பற்களில் பச்சைப் புள்ளி. காக்கா சொன்னபடி, பேட்டரி தண்ணீர், பிறகு ஐபிஏ, பிறகு ஒன்றரை நாள் ஃபேன் காற்று. பச்சைப் புள்ளி துணியிலேயே வந்துவிட்டது, அடியில் தங்கம் இருக்கிறது. எண்ணெய் தடவாத பழைய பனியன் துணிதான் பயன்படுத்தினேன், நூல் பிரியவில்லை.

திரும்பப் பூட்டும்போது பிராசஸரின் பேஸ்ட்டையும் புதிதாகத் தடவினேன். சிபியு பவர் ஒயரைச் சொருக மறந்து ஒரு தடவை சிபியு விளக்கு எரிந்தது. மேல் மூலையில் இருக்கும் எட்டு முனை ஒயர் அது. அதைச் சொருகியதும் முதல் தடவையிலேயே திரை வந்தது. பேட்டரியைக் கழற்றியதால் பயாஸில் தேதியும் ரேம் வேகமும் பழையபடி போயிருந்தன. ரேமின் முழு வேகத்தைத் தரும் எக்ஸ்எம்பி அமைப்பில் 3200க்கு வைத்தேன். ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓட விட்டேன், நாலு சுற்று, ஒரு பிழைகூட இல்லை.

இன்று மூன்றாவது காலை. மூன்று காலையிலும் போட்டதும் வந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். புது போர்டுக்குக் கடன் கேட்கலாம் என்று யாரிடமோ பேசி வைத்திருந்தாராம், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

தொண்டி_அக்கா | நவம்பர் 17, காலை 11.00

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. இனிமேல் வராமல் இருக்க என்ன செய்கிறாய்? என் மகன் கணினியும் கடல் பார்த்த அறையில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டால் போதுமா?

வாலிநோக்கம்_உப்பளம் | நவம்பர் 17, மதியம் 12.20

உறை நல்லதுதான் அம்மா, ஆனால் அணைத்து நன்றாக ஆறிய பிறகு போடுங்கள். அதைவிட முக்கியம் கணினியைக் கடல் பார்த்த ஜன்னலிலிருந்து நகர்த்துவது. உப்பு காற்றோடுதான் வருகிறது, காற்று நேராக அடிக்காத உள் சுவர் ஓரம் வைத்தாலே பெரும்பாதி குறையும். வாடைக் காலத்தில் வடக்கு ஜன்னல், தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் தெற்கு ஜன்னல். எங்கள் உப்பு அம்பாரத்துக்கு மூடாக்குப் போடும்போதும் காற்று வரும் பக்கம் பார்த்துத்தான் போடுவோம்.

கீழக்கரை_காக்கா | நவம்பர் 17, மதியம் 2.05

அதோடு தினமும் ஒரு மணி நேரமாவது கணினியை ஓட விடுங்கள் அக்கா. ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஒயரைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டுப் போங்கள். அணைத்த கணினியிலும் ஒயர் சொருகியிருந்தால் போர்டில் 5 வோல்ட் நிற்கும், ஈர உப்பில் அரிப்பதற்கு அது போதும். கேபினெட்டின் முன்பக்கம் வலை வைத்த ஃபேன் உள்ளே இழுக்கிற மாதிரியும், பின்னால் வெளியே தள்ளுவது அதைவிடக் குறைவாகவும் இருக்கட்டும். அப்போது காற்று வலை வழியாக மட்டும் நுழையும். வலையை மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துப் போடுங்கள்.

வடகடல்_வீடு | டிசம்பர் 7, காலை 7.15

மூன்று வாரம் ஆகிறது. போன வாரம் நாலு நாள் விடாமல் மழை, சுவரெல்லாம் வேர்த்தது. தினமும் காலையில் போட்டவுடன் திரை வந்தது. கணினி இப்போது அடுப்படிச் சுவர் ஓரம் இருக்கிறது. ஒரு கல்யாண வீடியோ முடித்துக் கொடுத்துவிட்டேன்.

சாயல்குடி_ரவுட்டர் | டிசம்பர் 7, காலை 10.40

அக்கா, அந்தப் புதுக் கிளாம்ப் மறுபடி அரிக்காமல் இருக்க அண்ணன் என்ன பூசினார்? எங்கள் வீட்டிலும் தோண்டிப் பார்த்தோம், அதே நிலைதான்.

உச்சிப்புளி_வயர்மேன் | டிசம்பர் 7, மதியம் 12.55

தம்பி, வெறும் இரும்பு கிளாம்ப் போடாதீர்கள், ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு கிளாம்ப், ஜிஐ போல்ட் கேட்டு வாங்குங்கள். ஜிஐ குழாயில் செம்புக் கம்பியை நேராகக் கட்டவும் வேண்டாம், இரண்டும் சேரும் இடம் சீக்கிரம் அரிக்கும், ஜிஐ கம்பியே போடுங்கள். முறுக்குவதற்கு முன் இரண்டு பக்கமும் பளபளவென்று தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கெட்டியாக பெட்ரோலியம் ஜெல்லி பூசி, டேப் சுற்றிவிடுங்கள். குழியை மண் போட்டு மூடாமல் மேலே ஒரு மூடி வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, தை மாதம் மழை ஓய்ந்ததும் திறந்து பார்க்க வேண்டும்.